மகளுக்குக் கங்கைகொண்டானில் வேலை, எனக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர்: இந்த வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி யாராவது விளக்குவீர்களா?

கன்னடியன்கால் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி, வயது 54. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு கோட்டை விதைப்பாடு நெல்வயல் இருக்கிறது. பிசானப் போகம் பெரும்பாலும் தப்பாது. கார்ப் போகம் மட்டும் பாபநாசம் அணையின் மட்டத்தைப் பார்த்துத்தான். எங்கள் மடைக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பதால் தண்ணீர்க் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். டாலர் கணக்கு தெரியாது. அதைக் கேட்கத்தான் இங்கே வந்தேன்.

என் மகள் டிப்ளமோ முடித்துவிட்டுக் கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடு செய்கிற ஆலையில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறாள். காலை ஷிப்ட் என்றால் 4 மணிக்கு எழுந்து, இருட்டோடு விலக்குக்குப் போய்க் கம்பெனி பஸ் ஏறுவாள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போவேன். என் வீட்டுக்காரி 25 வருஷம் பீடி சுற்றியவள். மகளின் மூன்றாவது சம்பளம் வந்த அன்று பீடி சுற்றும் சுளவை (முறத்தை) ஆணியில் மாட்டிவிட்டாள். விரல் நுனியில் இருந்த கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

போன ஆடிக் கொடைக்கு வந்த என் மச்சினன் பந்தலில் வைத்துச் சொன்னான்: "உன் மகள் வாங்குற சம்பளம் அமெரிக்காக்காரன் கடனாக் கொடுத்த காசு. இன்னைக்குக் கடன் கொடுப்பான், நாளைக்கு ஆத்தைக் கேப்பான். இலங்கையில துறைமுகத்தையே எழுதி வாங்கிட்டான் பாத்தியா?" மகள் விடவில்லை. "அப்போ நானும் அம்மா மாதிரி சுளவைப் பிடிச்சிக்கிட்டு உக்காரணுமா மாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு பேரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்காத வருஷங்களில் நாங்கள் நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறோம். அதே தாமிரபரணி ஆற்றிலிருந்து சிப்காட்டுக்குக் குழாய் போகிறது. அங்கே உள்ள குளிர்பான ஆலைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று அப்போது பேப்பரில் படித்தது அப்படியே மனசில் நிற்கிறது.

நான் கேட்பது இதுதான். ஒரு நாடு வெளியே கடன் வாங்குவதும், வெளிநாட்டுக்காரன் இங்கே பணம் போடுவதும், நாம் சரக்கை வெளியே விற்பதும் எந்த வழியாக எங்கள் மடை வரைக்கும் வருகின்றன? இலங்கை மாதிரி நமக்கும் ஆகுமா? கட்சிப் பேச்சு வேண்டாம். தெரிந்தவர்கள் நிதானமாகச் சொல்லுங்கள்.

---

கொழும்புக்கடை எழுதுகிறார்:

தம்பி, உங்கள் மச்சினன் சொன்ன துறைமுகக் கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். எனக்கு 71 வயது. எங்கள் தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போய்க் கொழும்பு புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்தவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தோம். தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டவள், இன்னும் வத்தளையில் இருக்கிறாள். அதனால் 2022 எங்களுக்குப் பேப்பர்ச் செய்தி இல்லை.

அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கிடையாது. காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். சமையல் காஸ் சிலிண்டருக்குத் தங்கை விடியற்காலையில் வரிசையில் நின்றாள், அவளுக்கு அப்போது 63 வயது. சர்க்கரை மாத்திரையை இங்கிருந்து போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினோம். ஏப்ரல் 12 அன்று, வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கமே அறிவித்தது. வெளிக்கடன் மொத்தம் 5,100 கோடி டாலர்.

அம்பாந்தோட்டை துறைமுகத்தை 2017-ல் ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது உண்மை. ஆனால் அந்த 112 கோடி டாலர் துறைமுகக் கடனைக் கழிக்கவில்லை. கையில் டாலர் இருப்பு இல்லாததால் அதற்குப் போனது. துறைமுகம் கட்டிய கடன் கடனாகவே நின்றது. நாட்டின் வெளிக்கடனில் பெரிய பங்கு சீனாவுடையதும் இல்லை. 2007-லிருந்து உலகச் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள்தான் பெரிய பங்கு. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் வாங்கிய கடன் அது. தவணை தள்ளிக் கேட்க யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

இதில் நான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. ரோடும் விமான நிலையமும் மாநாட்டு மண்டபமும் சம்பாதிப்பது ரூபாய். கட்ட வேண்டியது டாலர். டாலர் எங்கிருந்து வரும்? தேயிலை, தையல் ஆடை, சுற்றுலா, வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சுற்றுலா படுத்தது, 2020-ல் கொரோனா வந்தது. நடுவில் வரியையும் குறைத்தார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் சுற்றி இருந்தது, மே மாதம் 360 ஆகிவிட்டது. நூறு டாலர் கடன் வாங்கியவனுக்கு 20,000 ரூபாய்க் கடன் இரண்டே மாதத்தில் 36,000 ஆனது. அவன் புதிதாக ஒரு காசு வாங்கவில்லை.

மண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள், அதையும் சொல்லுகிறேன். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். ஆரோக்கியம் என்றார்கள். உரம் வாங்க டாலர் கைவசம் இல்லாததும் அதற்குள் இருந்தது. இயற்கை உரத்துக்கு மாற மண்ணுக்கே சில வருஷம் அவகாசம் வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? அங்கே ஒரு போகம்கூடக் கொடுக்கவில்லை. நெல் விழுந்தது, அரிசியை இறக்குமதி செய்ய மறுபடி டாலர் செலவானது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். நல்ல காரியத்துக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. இனி அங்கே ஒரு விவசாயியிடம் போய் இயற்கை உரம் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால், அந்த மலைநாட்டுக் காடு அழிந்ததே வெளிநாட்டுக் கோப்பைக்காகத்தான். முதலில் காப்பி. 1869-ல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்த பிறகு அதே சரிவுகளில் தேயிலை. அந்தத் தோட்டங்களுக்கு நம் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நடந்தே போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1964 ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டுப் பிரித்தன, இந்தியாவுக்கு 5,25,000 பேர் என்று. சரக்கைப் பிரிப்பதுபோல் ஆளைப் பிரித்தார்கள். எங்கள் கடையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் அப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு ராமேசுவரம் வந்து இறங்கினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

---

அவுரிக்காடு எழுதுகிறார்:

அண்ணாச்சி, நான் சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில் இருக்கிறேன். செம்மண் காடு. மழையை நம்பி அவுரி போடுவோம். புத்தகத்தில் நிலாவாரை என்று எழுதுவார்கள், நீலச் சாயம் எடுக்கிற அவுரி வேறு. மலச்சிக்கல் மருந்துக்காக உலகம் முழுக்க இதைத் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில்தான் வாங்குகிறார்கள். இலையும் காயும் தூத்துக்குடி வழியாக ஜெர்மனி, அமெரிக்கா என்று போகிறது. பெயரில் நம் ஜில்லா இருக்கிறது. ஆனால் விலையை ஒரு தடவைகூட நாங்கள் சொன்னதில்லை. கமிஷன் கடையில் கேட்டால் "வெளியில ஆர்டர் இல்லைம்மா" என்பார்கள். அந்த 'வெளி' எது என்று எங்கள் அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பெரிய படிப்பு இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு அப்பா கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினார். அந்த வருஷம் இலை நன்றாக வந்தது. களத்தில் காய்ந்து, பச்சை மாறாமல், கையில் அள்ளினால் சரசரவென்று இருந்தது. பக்கத்து ஊர்க் கடையில் கிலோவுக்கு 8 ரூபாய் அதிகம். அப்பா கொண்டு போக முடியாது. முன்பணம் வாங்கிய கடைக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு, அவர் கழிக்கும் கழிவோடு. அப்பா கோபப்படக்கூட இல்லை. "கைநீட்டி வாங்கியாச்சே" என்றார்.

அடுத்த வருஷம் விலை இன்னும் இறங்கியது. விலை இறங்கினால் என்ன செய்வோம்? கூடப் போடுவோம், அப்போதுதான் அதே பணம் கிடைக்கும். ஆடு மேய விட்டிருந்த தரிசையும் உழுது அவுரி விதைத்தோம். பக்கத்துக் காட்டுக்காரரும் அதையே செய்தார், அவருக்கும் முன்பணம். ஊர் முழுக்க இலை. விலை இன்னும் விழுந்தது. ஆட்டை விற்றோம். கடன் வாங்கியது நாங்கள், தண்டனை மேய்ச்சல் தரைக்கு.

ஒரு நாடு கடன் வாங்கினாலும் இப்படித்தான் ஆகுமோ என்று எனக்குத் தோன்றும். சரியா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிப் பயிர் என்றாலே மண்ணைக் கெடுக்கும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவுரிக்குத் தண்ணீர் அதிகம் கேட்காது, வறண்ட மண்ணிலும் நிற்கும். கடற்கரையில் இறால் பண்ணை வந்த இடங்களில் கதை வேறு. உப்புத் தண்ணீர் இறங்கிக் குடிதண்ணீர்க் கிணறு கரித்துப்போனது. அதுவும் ஏற்றுமதிதான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை எடுக்கச் சொன்னது. தாது மணலும் ஏற்றுமதிதான், வெளிநாட்டில் இரும்பை அறுக்கக் கார்னெட் மணல் நம் கடற்கரையிலிருந்து போனது. 2013-ல் அரசாங்கம் அள்ளக் கூடாது என்று நிறுத்தியது. என்ன விற்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும் அண்ணாச்சி.

---

கன்னடியன்கால் எழுதுகிறார்:

தங்கச்சி, அந்த முன்பணக் கதை எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் பக்கம் நெல்லுக்கும் அதே கதைதான். வாத்தியார் யாராவது மேலே சொல்லுங்கள்.

---

பாளைவாத்தியார் எழுதுகிறார்:

நான் பாளையங்கோட்டையில் 31 வருஷம் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மேலே அந்த அம்மா எழுதியதை நான் வகுப்பில் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை. இது சத்தியம்.

அதையே உலக அளவில் வைத்துப் பாருங்கள். 1973-ல் பெட்ரோல் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. எண்ணெய் நாடுகள் அந்த டாலரை அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளில் போட்டன. வங்கிகள் அதைச் சும்மா வைத்திருக்குமா? லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தன. வட்டி நிலையானது இல்லை, அமெரிக்காவில் ஏறினால் ஏறும். 1979-லிருந்து அமெரிக்கா தன் விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றியது, ஒரு கட்டத்தில் 20 சதவீதம் வரை போனது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ இனிக் கட்ட முடியாது என்றது. அடுத்தடுத்து மற்றவையும் விழுந்தன.

அப்புறம் அவசரக் கடன் கொடுக்கச் சர்வதேச நாணய நிதியம் வரும். செலவைக் குறை, நாணயத்தின் மதிப்பை இறக்கு, ஏற்றுமதியைக் கூட்டு என்று சொல்லும். டாலர் வேண்டுமே. விற்பதற்கு அந்த நாடுகளிடம் என்ன இருந்தது? மரம், தாது, காப்பி, மீன். ஒரு நாடு கூட்டினால் பரவாயில்லை, ஐம்பது நாடுகள் ஒரே சமயத்தில் அதே சரக்கைக் கூட்டின. பக்கத்துக் காட்டுக்காரர் எல்லோரும் அவுரி போட்ட மாதிரியேதான். காப்பியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று வரம்பு போட்டிருந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு 1989-ல் முறிந்தது. அதே காலத்தில் வியட்நாம் தன் மத்திய மேட்டுநிலத்துக் காட்டை வெட்டிக் காப்பி போட்டு, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தி நாடாக வந்தது. 2001 வாக்கில் விலை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு விழுந்தது. காடும் போனது, காப்பிக்காரனுக்குக் கூலியும் கட்டவில்லை. குடகிலும் ஏற்காட்டிலும் அந்த வருஷங்களில் சிறு தோட்டக்காரர்கள் பட்டது எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே உண்டு.

நம் ஜில்லாவில் இதற்கு 150 வருஷக் கதை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. நம் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது, தூத்துக்குடியில் பொதி குவிந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1876 ஜனவரியில் தூத்துக்குடி வரை ரயில் வந்தது. அன்றைய ரயில் கம்பெனிகளில் பணம் போட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் உத்தரவாதம் உண்டு. அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. மக்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து தானியம் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. விலை எங்கே அதிகமோ அங்கே ரயில் கொண்டுபோனது. ரயிலைக் குறை சொல்லவில்லை நான், அது யாருடைய கணக்குக்கு ஓடியது என்று பார்க்கச் சொல்கிறேன். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை, ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்காகப் பிரித்துத் திரட்டப் பார்த்ததை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். கடன் வாங்கிக் கப்பல் விட்டிருந்தால் எதிராளியான வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்த முதல் மாதமே வட்டிக்காரன் கப்பலை இழுத்துப் போயிருப்பான். அப்படியும் கம்பெனி நிற்கவில்லை, அது வேறு துயரம்.

சரி, இலங்கை மாதிரி நமக்கு ஆகுமா என்கிறீர்கள். 1991-ல் ஏறக்குறைய ஆனது. இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்கு மட்டும் டாலர் இருந்தது. 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்தோம். ஜூலையில் மூன்று நாளுக்குள் இரண்டு தடவை ரூபாய் மதிப்பை இறக்கினார்கள். ஸ்டாப் ரூமில் எங்கள் துறைத் தலைவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை. வீட்டு நகையை அடகு வைத்தவர்களுக்கு அந்தச் செய்தி விளக்கம் இல்லாமலே புரிந்தது. இன்று நிலைமை வேறு. மத்திய அரசின் கடனில் மிகச் சிறிய பங்குதான் வெளிநாட்டுக் கடன், மீதி ரூபாயில் நம் வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வாங்கியது. ஆகவே உங்கள் மச்சினன் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

இப்போது கங்கைகொண்டான். அமெரிக்காக்காரன் கடன் என்று அவர் சொன்னது வெறும் வதந்தி இல்லை. டாடா பவர் குழுமம் அங்கே கட்டிய சூரிய மின்தகடு ஆலைக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதிக் கழகம் 42.5 கோடி டாலர் வரை கடன் தர 2023-ல் முடிவெடுத்தது பொதுவெளியில் உள்ள செய்தி. உங்கள் மகள் வேலை பார்ப்பது அதுவா வேறா எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இது கம்பெனி வாங்கும் கடன், கட்ட வேண்டியதும் கம்பெனி. கம்பெனி நொடித்தாலும் அந்தக் கடனுக்காக உங்கள் பஞ்சாயத்தையோ ஆற்றையோ யாரும் கேட்க முடியாது. அரசாங்கம் வாங்கும் டாலர் கடனுக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். பங்காகப் போடும் அந்நிய முதலீட்டில் நஷ்டம் வந்தால் அதுவும் போட்டவனுடையது. ஆனால் லாபம் வந்தால் டாலராகி வெளியே போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் உங்கள் மடைக்கு ஆபத்து எங்கே? முதலீட்டை இழுக்க ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோடு போட்டி போடுகிறது. வரிச் சலுகை, மலிவு நிலம், மலிவுத் தண்ணீர். இந்த விலைகளை வைப்பது வாஷிங்டன் இல்லை, சென்னை. நீங்கள் நினைவு வைத்திருக்கும் அந்த 37 ரூபாய் 50 காசுதான் நூல்முனை. அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். மின்தகட்டின் செல்லைச் செய்ய மிகத் தூய்மையான தண்ணீர் வேண்டும், அமிலங்களும் வேண்டும். உலகில் எங்கே செய்தாலும் அப்படித்தான், அது யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. சிப்காட் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறது, கார் திறக்காத வருஷத்தில் எவ்வளவு எடுத்தது, கழிவுநீரை எங்கே விடுகிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். மகளின் வேலையை இது தொடவே தொடாது. ஆலை அங்கேதான் இருக்கப் போகிறது.

கடனையே மண்ணைக் காப்பாற்றத் திருப்பிய கதையும் உண்டு. 1987-ல் பொலிவியாவின் 6,50,000 டாலர் கடன் பத்திரத்தை ஓர் அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1,00,000 டாலருக்கு வாங்கித் தள்ளுபடி செய்தது, அதற்கு ஈடாக அங்கே காடு காக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தம். 2023-ல் ஈக்வடார் 160 கோடி டாலர் பத்திரங்களை 65.6 கோடி டாலர் புதுக் கடனால் மீட்டு, மிச்சத்தில் ஒரு பங்கைக் கலாபகோஸ் தீவுக் கடலுக்கு ஒதுக்கியது. முழு விடை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு மலிவாகக் கிடைத்ததே அந்தப் பத்திரத்தை யாரும் நம்பாததால்தான். ஆனாலும் கடன்காரனோடு பேச முடியும் என்பதைக் காட்டியது.

---

காத்தாடிமெக்கானிக் எழுதுகிறார்:

வாத்தியார் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பணகுடியில் 19 வருஷமாகக் காத்தாடி (காற்றாலை) ஏறிப் பழுது பார்க்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்காத ஊர்க்காரர்களுக்கு இது புரியாது, வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை தலையில் துண்டு நிற்காது. அந்தக் காற்றைக் காசாக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வெளிநாட்டுக்காரர்கள்தான். கயத்தாறில் இருக்கிற காற்றாலைச் சோதனை நிலையமே டென்மார்க் அரசின் உதவியில் வந்தது. அந்தப் பணமும் படிப்பும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கரண்டும் நிலக்கரியில்தான் வந்திருக்கும். அதனால் வெளியிலிருந்து வந்தாலே பயப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நான் முதலில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒருநாள் இந்திய வியாபாரத்தை மூடிவிட்டுப் போய்விட்டது. பெயர் வேண்டாம். கியர் பாக்ஸுக்கு ஸ்பேர் கிடையாது, கண்ட்ரோலரின் சாவிச்சொல் கிடையாது. நல்ல காற்றுக் காலத்தில் எங்கள் கண் முன்னால் 11 மெஷின்கள் சும்மா நின்றன. நாங்கள் நாலு பேர் கோயம்புத்தூருக்கு அலைந்து, பட்டறையில் பல்சக்கரம் கடைந்து, ஒவ்வொன்றாக ஓட்டினோம். ஒன்பது ஓடியது. பணம் போடுகிறவன் வித்தையையும் இங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கன்னடியன்கால் அண்ணாச்சி, உங்கள் பொண்ணு மெஷினைத் துடைக்கிற வேலையில் இருக்கிறாளா, மெஷினைத் திறக்கிற வேலையில் இருக்கிறாளா என்று கேளுங்கள். திறக்கக் கற்றுக்கொண்டால் கம்பெனி போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

கழற்றிப் போட்ட பழைய இறக்கைகள் கண்ணாடியிழை, உருக்கவும் முடியாது, மக்கவும் செய்யாது. எங்கள் ரோட்டோரத்தில் கிடக்கின்றன. மின்தகடும் 25 வருஷம் கழித்து இப்படித்தான் வந்து கிடக்கும், அதையும் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

---

கன்னடியன்கால் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். மகளிடமும் படிக்கக் கொடுத்தேன். காத்தாடித் தம்பி கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில்: இப்போது தகட்டைச் சோதிக்கிற இடத்தில் இருக்கிறாள், மெஷின் பராமரிப்புக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறாள். அந்தப் பிரிவில் பெண்கள் குறைவாம். கேட்டுப் பார்ப்போம் என்றாள்.

முந்தாநாள் சங்கக் கூட்டத்தில் வாத்தியார் ஐயாவின் கேள்விகளை வாசித்தேன். இரண்டு பேர், "உன் மகளே அங்கதானவே வேலை பாக்கா, உனக்கு எதுக்கு இது?" என்று கேட்டார்கள். அதனால்தான் நானே கேட்கிறேன் என்று சொன்னேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத்துறைக்கு ஒரு மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு. மகள்தான் செல்போனில் அடித்துக் கொடுத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. கடைசி பத்து வருஷத்தில் கார் சாகுபடிக்கு எந்த எந்த வருஷம் தண்ணீர் திறக்கவில்லை, அந்த மாதங்களில் சிப்காட் குழாயில் எவ்வளவு போனது, என்ன விலைக்கு என்று மாதவாரியாகக் கேட்டிருக்கிறோம். பழைய மின்தகட்டை யார் திரும்ப எடுப்பார்கள் என்பதையும் கடைசியில் சேர்த்துவிட்டாள்.

கொழும்புக்கடை அண்ணாச்சி எழுதியதை மச்சினனுக்கு வாசித்துக் காட்டினேன். 200 ரூபாய் 360 ஆன இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். அப்புறம் மனுவைத் தானே டவுனில் பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்று வாங்கிப்போனான். போகும்போது மகளிடம் "எந்த ஷிப்ட் இந்த வாரம்?" என்று கேட்டான்.

பதில் வர 30 நாள். அதற்குள் பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும். வந்ததும் கடிதத்தைப் படம் பிடித்து இதே இழையில் போடுகிறேன்.